பின்சீட்டு இல்லாத வண்டி

புளியங்கரை பஸ் ஸ்டாப்புக்கு மேலே, பஸ்ஸின் கூரையைவிட ஒரு முழம் உயரத்தில், நாச்சிமுத்து தன் பழைய மண் வண்டியின் மேல் உட்கார்ந்தபடியே அந்தரத்தில் நின்றுபோன அந்த முற்பகலில், அவர் மனைவி கலாமணி வாடகைப் பாத்திரக் கடையில், ஒரு காதுகுத்து வீட்டுக்காரரோடு தொலைந்துபோன கரண்டிகளுக்காகத் தொண்டை வறளச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்; ஆகையால் ஆள் ஓடிவந்து சங்கதியைச் சொன்னபோது, நின்னுட்டாருன்னா பெட்ரோல் தீந்துருக்கும், தள்ளிட்டு வரச் சொல்லு என்று சொல்லிவிட்டுக் கரண்டிக்கே திரும்பினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருஷமாக அந்த மனிதர் வண்டிகளை வைத்து அடித்த கூத்தையெல்லாம் பார்த்துப் பார்த்து அவளுக்கு எதுவுமே புதிதாகப் படாமல் போயிருந்தது.

மண் வண்டி என்றால் மாட்டு வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் புழுதியிலும் சேற்றிலும் பந்தயம் ஓட்டுவதற்கென்றே செய்த மோட்டார் சைக்கிள் அது, ஒல்லி உடம்பும் தூக்கின மட்கார்டும் முள்ளு முள்ளாய்ப் பல் வைத்த டயருமாக இருக்கும், கிக்கரை உதைத்தால் நாலு வீதிக்குக் கேட்கும். அந்த வண்டிகள் செத்துப்போய், கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டும் எஸ்டேட் ஷெட்டில் குளவி கட்டிக்கொண்டும் கிடக்கிற இடத்தை நாச்சிமுத்து எப்படியோ மோப்பம் பிடித்துவிடுவார். வாங்கிவந்து, கொடவுனில் அண்டாக்களுக்கும் இட்லிக் கொப்பரைகளுக்கும் நடுவில் சாக்கை விரித்து, நட்டு நட்டாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, ஒரு வாஷர் குறைந்தால் அதற்காக உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் பகல் முழுக்க மண்டி போட்டுத் தேடி, கம்பெனியிலிருந்து எப்படி வெளியே வந்ததோ அப்படியே ஆக்கி நிறுத்துவார். அப்படியே என்றால் அப்படியேதான். திருகாணியின் தலையில் ஒற்றைக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி இருந்துவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது.

கலாமணிக்கு அந்த வண்டிகள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. உள்ளதைச் சொன்னால், பெட்ரோலும் எண்ணெயும் கலந்து வருகிற அந்தப் புகை அவளுக்குப் பிடிக்கும், துருப்பிடித்து வந்தது பளபளவென்று எழுந்து நிற்கிறபோது பெற்ற பிள்ளை பாஸானதுபோல அவளுக்கும் பெருமையாகத்தான் இருக்கும். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு குறை. பந்தய வண்டி ஆனபடியால் எதிலும் பின்சீட்டு கிடையாது, ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் இடம். அவர் பாட்டுக்கு வண்டியை முடுக்கிக்கொண்டு போவார், அவள் பாட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போவாள், கோயிலோ கல்யாணமோ சாவோ எல்லாவற்றுக்கும் அப்படித்தான் போய்வந்தாள்.

ஐந்தாவதாக வந்த வண்டியில் மட்டும் பின்சீட்டு இருந்தது. வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்த யாரோ, பெண்டாட்டி மேல் பிரியம் வைத்த புண்ணியவான், அதன் முதுகில் இன்னொரு சீட்டை போல்ட் போட்டு முடுக்கி வைத்துக் காலமெல்லாம் ஜோடியாக ஓட்டியிருந்தான். டெம்போவிலிருந்து இறக்கும்போதே கலாமணி அதைப் பார்த்துவிட்டாள். பார்த்தவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துபோய், இதிலாவது என்னை ஒரு தடவை உட்கார வைத்துக்கொண்டு போவீர்களா என்று கேட்டாள், அவரும் ஆகட்டும் என்று தலையை ஆட்டினார். அந்த வாரமே அந்தச் சீட்டைக் கழற்றி ஆக்கர் கடையில் பழைய இரும்போடு போட்டுவிட்டு, ஃபிரேமில் இருந்த ஓட்டைகளை வெல்டிங் கடை பஷீரைக் கூப்பிட்டு அடைத்து, ராவி, பெயிண்ட் அடித்து, ஓட்டை இருந்த இடமே தெரியாமல் பண்ணிவிட்டார். கம்பெனிப் புத்தகத்தில் இந்த மாடலுக்கு ஒற்றைச் சீட்டுதான் என்று அவளிடமே படத்தைக் காட்டி விளக்கம் வேறு சொன்னார், பாருங்கள் அநியாயத்தை. அவள் படத்தைப் பார்த்தாள், நல்லாருக்குது என்றாள், போய் அண்டா விளக்கினாள். அன்றைக்கு அவள் விளக்கின அண்டாவில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

அந்தக் கோடையில் ஊர்க் குளத்தைத் தூர்வாரி, வண்டலையெல்லாம் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் குன்றாகக் குவித்து வைத்திருந்தார்கள். வேலை முடிந்த அந்த ஐந்தாவது வண்டியை ஓட்டிப் பார்க்க அதைவிடத் தோதான மேடு எங்கே கிடைக்கும்? நாச்சிமுத்து ஐம்பத்தைந்து வயதையும் மறந்து, முழங்கால் வரைக்கும் பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஒரே முறுக்கில் மேட்டின் உச்சிக்கு ஏறி அந்தப் பக்கம் தாவினார். தாவினவர் விழவும் இல்லை, பறக்கவும் இல்லை, ரோட்டுக்கு மேலே அப்படியே நின்றார். என்ஜினை அணைத்தார், பெட்ரோல் குழாயை மூடினார், வண்டியை எங்கே நிறுத்தினாலும் செய்கிற காரியம்தான் இது, அப்புறம் கீழே குனிந்து பார்த்து, யாராவது கலாமணியிடம் சொல்லிவிடுங்கள் என்றார்.

கரண்டிக் கணக்கை முடித்துக்கொண்டு கலாமணி வந்தபோது ஊர் பாதி அங்கேதான் நின்றது. கடையிலிருந்து ஷாமியானா கட்டுகிற ஏணியை எடுத்துவந்து சாத்தினார்கள், இறங்கி வாருங்கள் என்றாள்.

"எறங்குனா வண்டி போயிரும் கலா" என்றார் நாச்சிமுத்து.

சொன்னதோடு நில்லாமல் சீட்டிலிருந்து சற்று எழுந்தும் காட்டினார். எழுந்த மாத்திரத்தில் வண்டி ஒரு சாண் மேலே ஏறியது, உட்கார்ந்ததும் மறுபடி இறங்கி நின்றது. முழுக்க விட்டுவிட்டால் அது எந்த வானத்துக்குப் போய்விடுமோ யார் கண்டது, ஆகவே மனிதர் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கயிறு கட்டி இழுக்கலாம் என்றார்கள், பெயிண்ட் உரிந்துவிடும் என்றார். கலாமணி தலையில் அடித்துக்கொண்டாள், ஏணியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள், பொழுதோடு தூக்குப்போசியில் சோறும் ரசமும் எடுத்துக்கொண்டு அதே ஏணியோடு திரும்பி வந்தாள்.

இப்படியாகத்தான் புளியங்கரைக்கு ஒரு அந்தரத்து மனிதர் வாய்த்தார், ஊரும் அதற்குச் சீக்கிரமே பழகிக்கொண்டது. பாத்திரக் கடையும் பந்தல் சாமானும் சொந்தமாக இருக்கிற மனிதருக்கு என்ன கஷ்டம்? ரோட்டோரமாக ஒரு சாரம் கட்டினார்கள், வெயிலுக்கும் மழைக்கும் தலைக்கு மேலே கல்யாண ஷாமியானாவை விரித்தார்கள், பார்பர் சாரத்தில் ஏறிச் சவரம் செய்தார், குளிக்கவும் மற்றதற்கும் சாரத்தில் திரை இருந்தது, ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டே எல்லாம் நடந்தது, அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை. டவுன் பஸ் டிரைவர் முதல் வாரம் அவருக்குக் கீழே போகும்போது தன் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டினார், அடுத்த வாரம் ஹார்ன் அடித்துக் கும்பிட்டார், அதற்கடுத்த வாரம் பொள்ளாச்சிச் சந்தையில் தக்காளி என்ன விலை என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனார். ஊருக்குப் புதிதாக வருகிற ஒறம்பரைக்கு, விருந்தாளிகளுக்கு, வழி சொல்கிறவர்கள், நாச்சிமுத்துவுக்கு நேர் கீழே இறங்கி இடது பக்கம் வாருங்கள் என்றார்கள். ஸ்டேஷனிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் வந்து ஆர்சி புத்தகத்தை வாங்கிப் பார்த்து, வண்டி ரோட்டில் இல்லாதபடியால் ரோட்டுக்கு இடைஞ்சல் என்று கேஸ் எழுத முடியாது என்று யோசித்து யோசித்துச் சொல்லிவிட்டு, ஒரு இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

கோயில் திருவிழா, நோம்பி, வந்தபோதுதான் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. மாகாளியம்மன் சப்பரம் அந்த வழியாகத்தான் வர வேண்டும், ஆத்தாளின் தலைக்கு மேலே ஒரு மனிதன் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கலாமா என்று பூசாரி கேட்டுவிட்டார். ஊர் கூடிப் பேசியது. சப்பரத்தைத் தோட்டத்து வழியாகத் திருப்பலாம் என்றது ஒரு கட்சி, ஆத்தாள் எதற்குத் திரும்ப வேண்டும் என்றது இன்னொரு கட்சி. கடைசியில் பூவோடு என்கிற தீச்சட்டி எடுக்கிற பெண்கள்தான், பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு மடக்கி உட்காரட்டும், போதும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். நாச்சிமுத்து அப்படியே செய்தார். சப்பரம் அடியில் வந்து நின்றபோது, ஆத்தாளின் உச்சியில் பூ வைக்கிற பாக்கியம் இத்தனை வருஷத்தில் அவர் ஒருவருக்குத்தான் கிடைத்தது என்று பூசாரியே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கோயமுத்தூரிலிருந்து பழைய வண்டி சேர்க்கிற சங்கத்துக்காரர்களும் கார் கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் பல் டாக்டர் வரதராஜுலு, வண்டிகளில் எது அசல் எது ஒட்டு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். வந்தவர்கள் ரோட்டிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒரு வண்டியின் அடிவயிற்றை இத்தனை சௌகரியமாகப் பார்த்ததே இல்லை என்று உருகிப்போனார்கள். சைலன்சர் மூடியைப் பற்றிப் பேசினார்கள், செயின் கவரைப் பற்றிப் பேசினார்கள், அப்பழுக்கு இல்லாத ஒரிஜினல் என்று டாக்டர் சொன்னபோது நாச்சிமுத்து மேலே இருந்தபடியே வெட்கப்பட்டார். ஏன் அந்தரத்தில் நிற்கிறது என்று அவர்களில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கலாமணி அத்தனை பேருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள், கொடுத்துக்கொண்டே அந்த அப்பழுக்கில்லாத வண்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு அவள் சாரத்தின் பாதி வரைக்கும் ஏறி, தனக்குப் பட்டதைச் சொன்னாள்.

"ரெண்டு பேரச் சொமந்து பழகுன வண்டிங்க இது. ஒத்தையா ஓடச் சொன்னா அதுக்கு மண்ணுல கால் பாவல. பின்சீட்டைத் திரும்ப வெச்சா எறங்கிரும்."

"ஒரிஜினல் போயிருமே கலா" என்றார் அவர்.

அவள் இறங்கிவிட்டாள். ஆனால் சொன்னது ஊர்க் காதில் விழுந்துவிட்டதே, ஊர் விடுமா? சீட்டு வைக்காமலே பின்னால் கனத்தை ஏற்றிப் பார்க்கலாம் என்று மட்கார்டின் மேல் மெத்தை விரித்து அரிசி மூட்டையை வைத்தார்கள், தேங்காய் மூட்டையை வைத்தார்கள், வெளியூர்க் கல்யாணத்துக்கு வந்திருந்த சமையல் மாஸ்டரை, நூற்றுப்பத்துக் கிலோ இருப்பார், கைத்தாங்கலாக ஏற்றி உட்கார வைத்தார்கள், வண்டி இம்மியும் அசையவில்லை. அப்படியானால் கலாமணியே ஏறிப் பார்க்கட்டும் என்று எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள், நாச்சிமுத்துகூட, சித்தெ வந்து தொத்திக்கிட்டாப் போதும் என்று கெஞ்சலாகச் சொன்னார்.

"மூட்டைக்குப் பதிலா என்னைய வெக்கிறதுக்கு நான் என்ன பாரமுங்களா?" என்றாள் கலாமணி. "சீட்டுப் போட்டுக் கூப்பிடட்டும், ஏறுறேன்."

அவ்வளவுதான், இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டது. அவர் சீட்டுக்குச் சம்மதிக்கவில்லை, அவள் சீட்டு இல்லாமல் ஏறச் சம்மதிக்கவில்லை, வண்டி இரண்டு பேருக்கும் நடுவில் ஆடாமல் அசையாமல் நின்றது. அதற்காகச் சாப்பாடு நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். மூன்று வேளையும் சுடச்சுடப் போனது, குழம்பில் உப்புக்கூடக் குறையவில்லை, பேச்சு மட்டும்தான் குறைந்தது. திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் போனில் அழுதபோது, உங்கப்பன் சௌக்கியமாத்தான் இருக்காரு கண்ணு, கீழ இருந்ததைவிட இப்பக் கண்ணுல அடிக்கடி படறாரு என்று சொன்னாள். சொல்லிவிட்டுப் போனை வைத்தவளுக்கு, சரி, அவர் ஆயுசுக்கும் அங்கேயே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாகத்தான் இருந்தது; அவரை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்து வைத்துக்கொள்ள ஆசையாகவும் இருந்தது, ஒரு சாண் இடம் கொடுக்க மாட்டேன் என்கிற மனிதரை நினைத்தால் ஆத்திரமாகவும் இருந்தது.

ஐப்பசி மழை பிடித்தது. பொள்ளாச்சியில் ஒரு பெரிய ஆர்டருக்காக அவள் தினமும் போய்வர வேண்டியிருந்தது, தினமும் அவருக்குக் கீழேயேதான் பஸ்ஸுக்கு நின்றாள், ஒரு கையில் குடையும் ஒரு கையில் பையுமாக. ஒரு நாள் காலையில் தூறல் விட்டிருந்தபோது அவள் குடையை மடக்கினாள்.

"கலா, சித்தெ அப்படியே நில்லு" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"என்னுங்க?"

"உன்ற வகுடு பூராவும் நரைச்சுப்போச்சு."

"நரைச்சு வெகு நாளாச்சுங்க."

"எனக்குத் தெரியலியே."

"நீங்க எப்பப் பாத்தாலும் கீழ கெடந்து நட்டுத் தேடீட்டு இருந்தீங்க. எங்கிருந்து தெரியும்?"

அவர், நேற்றைக்கும் முந்தாநாளும் பஸ்கள் கூட்டமாக வந்து அவளை ஏற்றாமலே போனதையும், அவள் நனைந்துகொண்டே அடுத்ததுக்கு நின்றதையும், ஏறின பிறகும் படிக்கட்டிலேயே தொங்கிக்கொண்டு போனதையும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று, என்னவோ தான் செய்த குற்றத்தைத் தானே எடுத்துச் சொல்கிறவர்போல மெதுவாகச் சொன்னார். தினமும் அப்படித்தானே என்றாள் கலாமணி. தினமுமா என்று கேட்டார். நீங்கள் வண்டியில் முன்னாடி போய்விடுவீர்கள், உங்களுக்குத் தெரியாது என்று அவள் சொன்னது குத்திக்காட்டுவதற்காக அல்ல, நடந்ததைத்தான் சொன்னாள்.

"பஷீரை வரச் சொல்லு" என்றார் நாச்சிமுத்து. "டிரில்லிங் மிசினோட."

இத்தனை வருஷத்துக் கோபமும் இத்தனை வருஷத்து ஆசையும் ஒரே நேரத்தில் மேலே வந்தால் மனுஷி எதைத்தான் விழுங்குவாள். அவள் அப்போது வந்த பஸ்ஸில் ஏறவே இல்லை, அடுத்த பஸ்ஸில் ஏறிப் பொள்ளாச்சியில் சீட்டுத் தைக்கிற கடைக்குப் போய், ஆர்டரையும் மறந்துவிட்டு, ஒவ்வொரு ரெக்சினாக விரிக்கச் சொல்லி, மெரூன் கலரில் வெள்ளை ஓரம் வைத்து, நல்ல கெட்டியான பஞ்சாகப் போட்டு ஒரு சீட்டுத் தைக்கக் கொடுத்தாள். கடைக்காரர் எந்த மாடல் வண்டிக்கு என்று கேட்டார். மாடல் எதுவானால் உங்களுக்கென்ன, உட்காரப்போகிறது நான் என்றாள்.

விஷயம் கோயமுத்தூருக்கு எட்டி, டாக்டர் வரதராஜுலு பதறியடித்துக்கொண்டு போன் செய்தார்; அந்த ஃபிரேமில் ஓட்டை போட்டால் அது கொலைக்குச் சமானம் என்றும், கண்காட்சியில் இனிமேல் அந்த வண்டிக்கு இடம் கிடையாது என்றும் சொன்னார். நாச்சிமுத்து எல்லாவற்றையும் கேட்டு, சரிங்க டாக்டர் என்று சொல்லி வைத்துவிட்டார். பஷீருக்கு உயரம் என்றால் பயம். சீட்டு வந்து சேர்ந்த அன்று பாதிக் கண்ணை மூடிக்கொண்டு சாரத்தில் ஏறி, அடைக்கச் சொன்னதும் நீங்க, தொறக்கச் சொல்றதும் நீங்க என்று முணுமுணுத்துக்கொண்டே டிரில்லைப் பிடித்தான், நாச்சிமுத்து ஊசி போட்டுக்கொள்கிறவர்போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தெறித்த இரும்புத் தூள் கீழே விழாமல் அங்கேயே மிதந்தது, பஷீர் அதை வாயால் ஊதி ஊதி விலக்கிவிட்டு வேலையைப் பார்த்தான். மதியத்துக்குள் சீட்டு ஏறிவிட்டது, கால் வைக்கிற கம்பியும் ஏறிவிட்டது.

சாயங்காலம் கலாமணி குளித்து, மகள் கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். பூசாரி, பார்பர், பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு டிரைவர் என்று ஊரே கூடி நின்றது. அவள் சாரத்தில் ஏறினாள், நாச்சிமுத்து கையைக் கொடுத்தார், ஒரு பக்கமாகக் காலைப் போட்டு மெரூன் சீட்டில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். வண்டி ஒரு பெருமூச்சு விட்டதுபோல இருந்தது, ஒரு சாண் இறங்கியது, இன்னொரு சாண் இறங்கியது. கீழே கைதட்டினார்கள்.

"சித்தெ நில்லுங்க" என்றாள் கலாமணி. "இப்பத்தான ஏறுனேன்."

வண்டி நின்றுவிட்டது, நாச்சிமுத்து எதையும் தொடக்கூட இல்லை. அவள் சுற்றிப் பார்த்தாள். குளத்தில் மழைத்தண்ணீர் கரை தொட்டு நின்றது, தென்னந்தோப்பு கழுவிவிட்டதுபோல ஆனைமலை அடிவாரம் வரைக்கும் போனது, தன் கடையின் ஓட்டுக் கூரை இத்தனை பெரிதென்று அவளுக்கு இதுவரைக்கும் தெரியாது, ஊரில் யார் யாருக்கு வழுக்கை விழுந்திருக்கிறது என்பதும் தெரியாது. இத்தனையும் வைத்துக்கொண்டுதான் இறங்க மாட்டேன் என்றீர்களா என்று கேட்டாள். அவர் சிரித்தார். காத்திருந்து பார்த்த ஊர், இது இப்போதைக்கு முடிகிற காரியம் இல்லை என்று சொல்லிக்கொண்டு, மாடு கறக்கவும் அடுப்புப் பற்றவைக்கவும் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனது, டிரைவரும் பஸ்ஸை எடுத்தார்.

வெயில் தணிந்து மலை மேல் மஞ்சள் படர்ந்தபோது நாச்சிமுத்து திரும்பி அவளைப் பார்த்தார்.

"எங்க போலாங்கிற?"

முப்பது வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கோயிலுக்கு என்பாள், இல்லாவிட்டால் மகள் வீட்டுக்கு என்பாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும், கிக்கரில் காலை வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். கலாமணிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"ஆத்துப்பாலம் தாண்டி ஒரு வளைவு இருக்குதில்லைங்க, அங்க பஸ்ஸு திரும்பறப்ப நல்ல காத்து வரும்னு எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு ஒரு நாளும் ஜன்னல் சீட்டு கெடச்சதில்ல. அங்க கூட்டிட்டுப் போங்க."

அவர் பெட்ரோல் குழாயைத் திறந்து, கிக்கரை உதைத்தார். டயர்கள் ஈர ரோட்டில் சத்தமில்லாமல் வந்து படிந்தன, இரண்டு பேரும் தென்னைகளுக்கு நடுவே போனார்கள், பாலத்தைத் தாண்டினார்கள், வளைவு வந்தது, சொன்னபடியே காற்றும் வந்தது, பறந்த முந்தானையைக் கலாமணி இழுத்துச் செருகாமல் பறக்க விட்டுவிட்டாள்.